ஏச்சு அரசாங்கத்துக்கு, புள்ளடி பழையவருக்கு

மாரி தொடங்கச் சிறிது நாட்களுக்கு முன்னர், வன்னியில் மீளக்குடியேறிய ஒரு கிராமத்துக்கு நாம் சென்றிருந்தோம். காலபோகத்துக்கு வயல் உழவேண்டிய நேரம். ஆனால் குளக்கட்டில் உடைந்த இடம் உடைந்தபடியே கிடந்தது. கட்டின் அருகே நின்ற பாலை மரத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். பேச்சு மழையில் தொடங்கி, உரவிலையில் ஏறி, கடைசியில் அரசாங்கத்தில் வந்து நின்றது.

"அரசாங்கம் எண்டு ஒண்டு இருக்கோ? மூண்டு தரம் ஓடினனாங்கள். திரும்பி வந்து பாத்தா வீட்டுக்குக் கூரையில்லை, குளத்துக்குக் கட்டில்லை, காணிக்கு உறுதியில்லை. வாறவன் போறவன் எல்லாரும் ஒண்டுதான்" என்றார் ஒரு முதியவர். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள்.

"இவ்வளவு காலமும் ஆருக்கு ஐயா புள்ளடி போட்டனீங்கள்?" என்று கேட்டோம்.

அவர் சற்றுத் தயங்கினார். "பழைய ஆளுக்குத்தான், தம்பியவை. எங்கடை செத்த வீட்டுக்கு வந்தவர். மகன்ரை அலுவலுக்குக் கடிதம் தந்தவர். அவர் நல்லவர்தான். மற்றவங்கள்தான் சரியில்லை."

கைக்குழந்தையோடு நின்ற தாய் ஒருவர் இன்னொன்று சொன்னார்: "புதுசா வாறவை மட்டும் குளத்தைக் கட்டித் தருவினமோ? பழையவராவது எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்."

அன்பார்ந்த வாசகர்களே, இந்தப் பேச்சு உங்களுக்குப் புதியதன்று. எமது சந்திகளிலும் சங்கக்கடை வாசல்களிலும் கச்சேரி வரிசைகளிலும் நாளாந்தம் கேட்பதுதான். ஆட்சியாளரை ஏசுகிறோம். தேர்தல் வந்ததும் பெரும்பாலும் அதே பெயர்களுக்கே வாக்களிக்கிறோம். இது ஏன்? மக்கள் முட்டாள்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு கமக்காரன் பழைய விதைநெல்லையே திரும்ப விதைக்கிறான் என்றால் அவனிடம் அதற்கொரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

எங்கும் உள்ள புதிர்

இந்தப் புதிர் எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இதைப்பற்றி மிக விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கு காங்கிரஸ் எனப்படும் பாராளுமன்றத்தை மக்கள் நன்றாக ஏசுவார்கள். 2014ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் அந்தச் சபையின் பணியை ஏற்றுக்கொண்டவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலேதான். அதே ஆண்டு நவெம்பரில் தேர்தல் வந்தது. 435 ஆசனங்கள் கொண்ட பிரதிநிதிகள் சபையில், மீண்டும் போட்டியிட்ட பழைய உறுப்பினர்களில் சுமார் 95 வீதமானோர் வென்று திரும்பினார்கள்.

றிச்சர்ட் ஃபென்னோ என்ற அறிஞர் 1970களிலேயே இதனைக் கவனித்தார். உறுப்பினர்களோடு அவர்களது தொகுதிகளுக்குக் கூடவே சென்று, அவர்கள் மக்களோடு பழகும் விதத்தைப் பார்த்தார். மக்கள் தமது உறுப்பினரை ஓர் அளவுகோலாலும், சபை முழுவதையும் வேறோர் அளவுகோலாலும் அளக்கிறார்கள் என்பதை அவர் கண்டார். உறுப்பினர்களும் அதற்கேற்றபடி நடந்தார்கள். சபையைத் தாமே ஏசிக்கொண்டு, "நான் அவர்களைப் போன்றவன் அல்லன்" என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள்.

டேவிட் மேஹியூ என்ற இன்னொரு அறிஞர் 1974இல் எழுதிய நூலில், மீண்டும் வெல்ல விரும்பும் உறுப்பினர் செய்யும் காரியங்களை மூன்றாக வகுத்தார். தன் பெயரை எங்கும் பரப்புவது ஒன்று. வந்த நன்மைகள் யாவும் தன்னால் வந்தவை என்று உரிமை கோருவது இரண்டு. மக்களுக்குப் பிடித்த நிலைப்பாடுகளை வாயால் சொல்வது மூன்று. இம்மூன்றையும் செய்வதற்குக் குளக்கட்டைத் திருத்த வேண்டிய அவசியமில்லை.

பாலை மரத்தின் கீழ் அந்த முதியவர் சொன்னதும் இதுவேயல்லவா? "அவர் நல்லவர்தான், மற்றவங்கள்தான் சரியில்லை." ஒவ்வோர் ஊரும் இவ்வாறு தனது ஆளை மட்டும் விலக்கி வைத்தால், எல்லா ஊர்களின் ஆட்களும் சேர்ந்து அதே பழைய சபையாகத்தான் அமைவார்கள்.

எமது நாட்டின் கணக்கு

இலங்கையின் வரலாற்றைப் பார்த்தால் ஆச்சரியமான ஒன்று தெரியும். எமது மக்கள் எப்போதும் பழையவரையே பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். 1931 முதல் சர்வசன வாக்குரிமை உள்ள நாடு இது. 1956, 1960, 1965, 1970, 1977 என்று தேர்தலுக்குத் தேர்தல் ஆட்சியை மாற்றினார்கள். அரிசி விலை ஏறினால் அரசாங்கம் விழும் என்பது அக்காலத்தின் பாடம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்போடு நிறைவேற்று ஜனாதிபதி முறை வந்தது. அதன்பின் நிலைமை மாறியது. 1982இல் பதவியிலிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன வென்றார். 1999இல் பதவியிலிருந்த சந்திரிகா குமாரதுங்க வென்றார். 2010இல் பதவியிலிருந்த மகிந்த ராஜபக்ஷ வென்றார். பதவியிலிருந்த ஜனாதிபதி ஒருவர் தேர்தலில் முதன்முதலாகத் தோற்றது 2015 ஜனவரியிலேதான்.

இடைப்பட்ட காலத்தில் மக்களுக்குக் கோபம் இல்லாமலா இருந்தது? போர், விலைவாசி, காணாமற்போதல், இடப்பெயர்வு யாவும் இருந்தன. ஆனால் கோபம் வாக்குப் பெட்டிவரை போய்ச் சேரவில்லை. அது வழியில் எங்கெங்கு மறிக்கப்பட்டது?

முதல் மறிப்பு: கடிதம்

அந்த முதியவரின் மகனுக்குக் கிடைத்த கடிதத்திலிருந்து தொடங்குவோம். எமது நாட்டில் பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் ஒரு திறப்பு. வேலைக்கு, பாடசாலை அனுமதிக்கு, இடமாற்றத்துக்கு, வீட்டுத்திட்டப் பட்டியலுக்கு என்று அது பல கதவுகளைத் திறந்திருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் என்ற பெயரில், தொகுதி வேலைகளுக்காக உறுப்பினர்கள் ஊடாக நிதி ஒதுக்கும் வழக்கமும் தொடங்கியது. சிறு பாலம், வாசிகசாலை, மதகு என்று அதனால் பயனடைந்த ஊர்கள் உண்டு. அதனை மறுக்க முடியாது.

ஆனால் இதன் விளைவு என்ன? சட்டப்படி எமக்குரியதாக உள்ளது, ஒருவர் எமக்குச் செய்த உபகாரமாக மாறிவிடுகிறது. உரிமை வரவேண்டிய வழி அடைபட்டிருக்கும்போது உபகாரம் வரும் வழி பெரிதாகத் தெரியும். அந்த அடைப்பை நீக்க வேண்டியவரும் அந்த உறுப்பினர்தான். அடைப்பு நீங்கினால் அவரது கடிதத்துக்கு மதிப்பில்லை. ஆகவே அதனை நீக்குவதில் அவருக்கு என்ன அவசரம்?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கூர்மையானது. காணி இல்லாதவன், உறுதி தொலைத்தவன், நிவாரண அட்டையை நம்பியிருப்பவன் ஓர் ஆளைப் பகைத்துக்கொள்ள எளிதில் துணியமாட்டான். வயிறு நிறைந்தவன் காட்டும் துணிவை அவனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. அந்தத் தாய் புதியவருக்குப் பயந்ததும் இதனால்தான். பழையவரிடம் கிடைப்பது சிறிதாயினும் தெரிந்தது. புதியவரிடம் கிடைப்பது தெரியாதது.

இரண்டாம் மறிப்பு: நேரம்

எந்த நாளில் மழை பெய்யும் என்பதை நாம் தீர்மானிக்க முடிந்தால் எம்மைப் போல் சிறந்த கமக்காரர் இருக்கமாட்டார்கள். ஆட்சியிலிருப்பவர்களுக்கு அந்த வசதி கிடைத்தது. 1982இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் மூன்றாம் திருத்தம், நான்கு ஆண்டுகள் கழிந்ததும் தாம் விரும்பிய நேரத்தில் ஜனாதிபதித் தேர்தலை அழைக்க ஜனாதிபதிக்கு வழிசெய்தது. 1982, 1999, 2010 ஆகிய மூன்று தேர்தல்களும் பதவிக்காலம் முடியுமுன் அழைக்கப்பட்டவை. 2010இல் போர் முடிந்து எட்டு மாதங்களிலேயே தேர்தல் வந்தது.

1982இல் இன்னொன்றும் நடந்தது. முக்கிய எதிராளியான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகள் 1980இலேயே பறிக்கப்பட்டிருந்தன. அவர் போட்டியிட முடியவில்லை. ஜனாதிபதித் தேர்தல் முடிந்து இரு மாதங்களில், டிசெம்பர் 22ஆந் திகதி, பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் மேலும் ஆறு ஆண்டுகள் இருக்கலாமா என்பதே கேள்வி. விளக்குக்குப் போட்டால் ஆம், பானைக்குப் போட்டால் இல்லை. வடக்கில் பெரும்பான்மையினர் பானைக்கே போட்டார்கள். நாடு முழுவதிலும் விளக்குக்குக் கிடைத்தது 54.66 வீதம். இதனால் 1977இல் தெரிவான சபை பதினொரு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

தேர்தலை நடத்தாமல் விடுவதும் பதவியைக் காக்கும் ஒரு வழி. 2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று சொல்லப்பட்டுத் தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆந் திகதி. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 முடியும்வரையும் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை.

மூன்றாம் மறிப்பு: வேலி

வேலி எங்கே போடப்படுகிறது என்பதில்தான் காணிச் சண்டைகள் பல தொடங்கும். வாக்குரிமையிலும் அப்படித்தான். அமெரிக்காவில் பல மாநிலங்களில், பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுதி எல்லைகளை வரைபவர்கள் அரசியல்வாதிகளே. தமக்கு வாக்களிக்கும் தெருக்களை உள்ளேயும் மற்றவற்றை வெளியேயும் விட்டு வேலி போடுவார்கள். வாக்காளர் பிரதிநிதியைத் தெரிவதற்குப் பதிலாக, பிரதிநிதி வாக்காளரைத் தெரிந்துகொள்கிறார்.

எமது நாட்டில் வேலி வேறு விதமாக வந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழ் மக்களில் மிகப் பெரும்பாலானோரை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே தள்ளின. 1947இல் அவர்கள் தெரிந்தனுப்பிய உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் இருந்தார்கள். 1952 தேர்தலின்பின் ஒருவரும் இல்லை. அம்மக்களின் பிள்ளைகளில் பலர் 1958, 1977 வன்செயல்களின்பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் கமம் செய்தவர்கள். அவர்களின் குடும்பங்கள் இப்பக்கங்களையும் வாசிக்கின்றன.

பின்னர் இடப்பெயர்வே ஒரு வேலியாயிற்று. ஊரை விட்டு ஓடியவரின் பெயர் ஊர்ப் பட்டியலில் இல்லை. வந்து தங்கிய இடத்திலோ அவர் அந்நியர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்திலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வாக்களிக்க வேண்டியிருந்தது. 2019 நவெம்பர் ஜனாதிபதித் தேர்தலன்று, மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற அவர்களின் பஸ் வண்டிகள் வழியில் சுடப்பட்டன. இடம்பெயர்ந்தோர் சொந்த இடத்துப் பட்டியலில் பெயர் பதிவதற்கென 2013இல்தான் ஒரு விசேட சட்டம் வந்தது.

பட்டியல் சுருங்கினால் ஆசனமும் சுருங்கும். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் 7. 2024இல் 6. போரும் புலப்பெயர்வும் எம்மிடமிருந்து கொண்டுபோனவற்றில் இதுவும் ஒன்று.

நான்காம் மறிப்பு: பெயரும் பணமும்

1977வரை பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை இருந்தது. 1989 பொதுத்தேர்தல் முதல் மாவட்ட அடிப்படையிலான விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் விருப்பு வாக்கும் நடைமுறைக்கு வந்தன. கட்சிக்கு ஒரு புள்ளடி, அதே கட்சியின் வேட்பாளர் மூவருக்குமட்டில் விருப்பு இலக்கம். சிறு கட்சிகளுக்கும் இடம் கிடைத்தது இதன் நன்மை.

ஆனால் ஒரு சிறு கமக்காரன் வேட்பாளராக நிற்பதை எண்ணிப் பாருங்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று நிர்வாக மாவட்டங்கள் சேர்ந்தது. அவ்வளவு பரப்பிலும் தன் பெயரையும் இலக்கத்தையும் தெரியப்படுத்த அவனுக்கு வாகனம் வேண்டும், சுவரொட்டி வேண்டும், ஆட்கள் வேண்டும். பழையவருக்கு இவை யாவும் ஏற்கெனவே உள்ளன. திறப்பு விழாக் கல்லில் பெயர் பொறித்திருக்கும். தேர்தற் செலவுக்கு வரையறை விதிக்கும் சட்டம் 2023இல்தான் வந்தது.

பொறுப்பும் மங்கிவிடுகிறது. ஒரு மாவட்டத்துக்கு ஆறு உறுப்பினர்கள் இருந்தால், போட்ட வீதிக்கு ஆறு பேரும் உரிமை கோருவார்கள். உடைந்த குளத்துக்கு ஒருவரும் சொந்தக்காரர் இல்லை.

அதற்கும் மேலாகத் தேசியப் பட்டியல் உண்டு. 225 ஆசனங்களில் 29 இவ்வாறு நிரப்பப்படுகின்றன. 2020 ஓகஸ்டுத் தேர்தலில் ரணில் விக்கிரமசிங்க கொழும்பில் தோற்றார். அவரது கட்சி எந்த மாவட்டத்திலும் ஓர் ஆசனமேனும் பெறவில்லை. தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரேயோர் ஆசனத்தில் அவர் 2021 யூனில் பாராளுமன்றம் வந்தார். 2022 மே மாதத்தில் பிரதமர். யூலையில் ஜனாதிபதி. அவரைப்பற்றி எமக்கு நன்மதிப்போ குறையோ இருக்கலாம். நாம் சொல்ல வருவது வேறு. வாக்காளர் மூடிய கதவைத் திறக்க வேறு திறப்புகளும் இருக்கின்றன.

ஐந்தாம் மறிப்பு: எமது வெறுப்பு

"எல்லாரும் ஒண்டுதான்" என்று வீட்டில் இருந்துவிடுவதும் ஒரு வாக்குத்தான். அது பழையவருக்குப் போகும் வாக்கு. ஏனென்றால் அவருக்குக் கடமைப்பட்டவர்கள் எப்படியும் வாக்களிக்கப் போவார்கள். கோபமுள்ளவர் மட்டுமே வீட்டில் இருப்பார்.

1994 ஓகஸ்டுப் பொதுத்தேர்தலில் போர்ச்சூழலால் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. பெரும்பாலானோர் வாக்களிக்க வழியே இருக்கவில்லை. ஆயினும் பத்து ஆசனங்களும் நிரப்பப்பட்டன. 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் அதே மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நான்கில் ஒரு பங்கினர் அளவே. போரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மக்களை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் போகாவிட்டாலும் ஆசனங்கள் வெறுமையாக இருப்பதில்லை என்பதை மறக்கலாகாது.

வாக்குச் சிதறுவதும் இவ்வாறே. 2024 நவெம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட அணிகள் போட்டியிட்டன. முதலிடம் பெற்ற கட்சிக்குக் கிடைத்தது கால்வாசி வாக்குகள். ஆசனங்களில் அது பாதி.

மறிப்பு உடைந்த காலம்

2021இல் இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையை எந்தக் கமக்காரனும் மறந்திருக்கமாட்டான். முன்னறிவித்தல் இன்றி வந்த தடை அது. நவெம்பரில் அது விலக்கப்பட்டபோது காலபோகத்துக்குக் காலம் கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு டீசலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. 2022 யூலை 9ஆந் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோட்டாபய ராஜபக்ஷ நாட்டை விட்டுச் சென்று பதவி விலகினார்.

ஆனால் 2020இல் தெரிவான அதே பாராளுமன்றம் 2024 செப்ரெம்பர்வரை இருந்தது. புதிய ஜனாதிபதியைத் தெரிந்ததும் அதுவே. வீதியில் வென்ற கோபம் சபைக்குள் போக இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பின்னர் அது போயிற்று. 2024 செப்ரெம்பர் 21ஆந் திகதி அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியாகத் தெரிவானார். பதவியிலிருந்த ஜனாதிபதி மூன்றாம் இடத்துக்குப் போனார். நவெம்பர் 14ஆந் திகதி, முந்திய சபையில் 3 ஆசனங்கள் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களைப் பெற்றது. பல பழைய பெயர்கள் தோற்றன. இன்னும் பல, தோல்வியை முன்னறிந்து போட்டியிடாமலே ஒதுங்கின.

முன்னர் இல்லாதது அப்போது என்ன இருந்தது? கடிதம் எழுதித் தந்தவரால் எரிவாயுச் சிலிண்டர் தர முடியவில்லை. உபகாரம் செய்பவரின் கை வெறுமையானபோது உபகாரத்தின் பிடியும் தளர்ந்தது. மேலும், துன்பம் எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் தொட்டது. "எங்கடை ஆள் வேறு" என்று விலக்கி வைக்க இடமிருக்கவில்லை. இவற்றோடு, ஊர் ஊராகப் பல ஆண்டுகள் வேலை செய்து வைத்திருந்த ஒரு மாற்று அணி தயாராக இருந்தது. ஆள் இல்லாமல் கோபம் மட்டும் இருந்தால் அது பெருமூச்சோடு முடிந்துவிடும்.

ஆறு மாதங்களின்பின், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் முன்னுக்கு வந்தன. சிலர் இதனைக் குழப்பம் என்றார்கள். எமக்கு அப்படித் தெரியவில்லை. நாட்டுக்கு ஓர் அளவுகோல், ஊருக்கு ஓர் அளவுகோல் என்று மக்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். அளக்கப் பழகிவிட்ட மக்களை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். புதியவர் எல்லோரும் நல்லவர் என்பதும், பழையவர் எல்லோரும் கெட்டவர் என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். நன்றாக வேலை செய்த ஒருவரை மீண்டும் தெரிவதில் தவறில்லை. அவர் என்ன செய்தார் என்று தெரிந்து தெரிவதும், பெயர் தெரியும் என்பதற்காகத் தெரிவதும் ஒன்றல்ல. முகம் மாறிய பின்னும் உடைந்த குளக்கட்டு உடைந்தே கிடக்கலாம்.

எமது சங்கங்களில் என்ன நடக்கிறது?

இவ்வளவும் பேசிவிட்டு எமது வீட்டைப் பாராமல் விடுவது அழகன்று. எத்தனை கிராம அபிவிருத்திச் சங்கங்களில், கமக்காரர் அமைப்புகளில், ஒரே தலைவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கிறார்? ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும். கணக்கறிக்கை விரைவாக வாசிக்கப்படும். "பழைய நிருவாகமே தொடரட்டும்" என்று ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். கூட்டம் முடிந்து படலையடியில் நின்று அதே தலைவரை ஏசுவோம். "வேறை ஆர் இருக்கினம்?" என்பதே எமது சமாதானம்.

வேறு ஆள் இல்லை என்பது உண்மையாயின், அதற்குக் காரணம் நாம் ஒருவரையும் பழக்கவில்லை என்பதே. நாம் சென்ற அந்தக் கிராமத்தில் கூட்டம் கலையும் நேரம், அதுவரை பேசாமல் நின்ற ஒரு நடுத்தர வயதுப் பெண் கேட்டார்: "குளக்கட்டுக்குக் காசு வந்ததோ, வரேல்லையோ எண்டு எங்களிலை ஆருக்குத் தெரியும்?" ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்பதும் தெரியவில்லை. அன்று அங்கே கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுவே. அந்தக் கேள்வியோடு எழுந்து போனவர்களை எவரும் ஒரு திறப்பு விழாக் கல்லால் திருப்திப்படுத்த முடியாது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பெயர் பதிவு. வாக்காளர் பட்டியல் திருத்தப்படும் காலத்தில் கிராம அலுவலரிடம் கேட்டு, வீட்டில் 18 வயது நிரம்பிய அனைவரின் பெயரும் உள்ளதா என்று பாருங்கள். இடம்பெயர்ந்து வேறிடத்தில் இருப்பவர்கள் எந்த இடத்தில் பதிந்திருக்கிறோம் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஒரு குறிப்புக் கொப்பி. தேர்தல் மேடையில் சொல்லப்பட்ட வாக்குறுதியைத் திகதியோடு சங்கத்தின் கொப்பியில் எழுதி வையுங்கள். சொன்னவர், சொன்ன இடம், சொன்ன காலம். அடுத்த தேர்தலுக்கு அவர் வரும்போது அந்தக் கொப்பியை விரித்து வைத்துப் பேசலாம். கோபமாகப் பேசவேண்டிய தேவையே இராது.

மூன்றாவது, தகவல் கேட்டல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் பிரதேச செயலகத்திடமோ திணைக்களத்திடமோ எழுத்தில் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். குளக்கட்டுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள் என்பதை அறிய உறுப்பினரின் கடிதம் தேவையில்லை.

நான்காவது, உரிமையை உரிமை என்று அழைத்தல். உரமானியம், வீட்டுத்திட்டம், இழப்பீடு யாவும் மக்களின் வரிப்பணம். கொண்டுவந்து தந்தவருக்கு நன்றி சொல்லலாம், அது எமது பண்பாடு. ஆனால் நன்றிக்கடனை வாக்குப் பெட்டியில் தீர்க்கவேண்டும் என்று ஒரு நியதியும் இல்லை. வாக்கு இரகசியமானது.

ஐந்தாவது, எமது சங்கங்களில் பதவிகளை மாற்றிப் பழகுதல். இளைஞர் ஒருவரையும் பெண் ஒருவரையும் உபபதவிகளுக்குத் தெரிந்து, கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழக்குங்கள். ஐந்து ஆண்டுகளில் "வேறை ஆர் இருக்கினம்?" என்ற கேள்விக்கு நாலைந்து பெயர்கள் விடையாகக் கிடைக்கும். நல்ல பிரதிநிதிகள் அப்படித்தான் விளைகிறார்கள். நாற்றுமேடை இல்லாமல் வயல் இல்லை.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது பகுதியின் உறுப்பினர் கடந்த ஐந்து ஆண்டுகளில் செய்தவை எவை? அவற்றில் எமக்கு உரிமையாகவே கிடைத்திருக்க வேண்டியவை எவை?

2. ஒருவருக்குப் பயந்தோ, ஒருவருக்குக் கடமைப்பட்டோ நாம் வாக்களித்ததுண்டா? அந்தப் பயத்தைக் குறைக்க ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

3. எமது குடும்பங்களில் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேர்? ஏன்?

4. எமது சங்கத்தில் கடைசியாகத் தலைவர் மாறியது எப்போது? அடுத்தவராக வரக்கூடியவருக்கு இப்போது என்ன பொறுப்புக் கொடுக்கலாம்?

5. எமது ஊரில் திருத்தப்படாமல் கிடக்கும் ஒரு வேலையைத் தெரிவுசெய்து, அதுபற்றித் தகவல் கேட்டு ஒரு கடிதம் இன்றே எழுதுவோமா? யார் எழுதுவது, யார் கொண்டுபோய்க் கொடுப்பது?